நோவு இல்லை

போன வாரம் இரண்டு பெண்கள் வீடு தேடி வந்தார்கள். இருவரும் மருத்துவ மாணவிகள். ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை வேண்டுமாம். தலைப்பையும் அவர்களே கொண்டுவந்திருந்தார்கள்: 'பரீட்சை பயத்தை வெல்வது எப்படி?' முப்பத்தைந்து வருடம் டாக்டராக இருந்து ஓய்வு பெற்றவள், பரீட்சைகளையெல்லாம் ஊதித் தள்ளியிருப்பாள் என்று யாரோ சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். அந்தப் புண்ணியவானுக்கு என்னைத் தெரியாது என்பது மட்டும் நிச்சயம்.

"நான் பயத்த ஜெயிச்சதே இல்லையேம்மா" என்றேன்.

"அதையே எழுதுங்க மேடம்" என்றாள் ஒருத்தி, விடாக்கண்டி. மற்றவளுக்குக் கண்ணுக்குக் கீழே கருவளையம். கிளம்பும்போது அவள் பின்தங்கி நின்று, குரலைத் தாழ்த்தி, "மேடம், எனக்கு ஹார்ட்ல ஏதோ கோளாறு இருக்குன்னு தோணுது. யார்கிட்டயும் சொல்லல" என்றாள்.

"இப்போ என்ன பாடம் படிக்கிற?"

"ஹார்ட்."

"அடுத்த வாரம் கிட்னிக்கு எறங்கிடும், கவலப்படாதே" என்று அனுப்பிவைத்தேன். அனுப்பிய பிறகு வெகுநேரம் சிரித்தேன். நாற்பது வருடத்துக்கு முந்தைய என்னையே வாசலில் பார்த்தது போல இருந்தது. அவளுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

என் பெயர் ஞானம். பெயர் வைத்தவர் திருநெல்வேலிப் பக்கம் பனங்காட்டு ஊர் ஒன்றில் உபதேசியாராக இருந்த என் அப்பா. மகள் வைத்தியம் படிக்க வேண்டும் என்பது அவருடைய ஜெபம். மகளுடைய ஜெபம் வேறு. ஊர்ப் பள்ளிக்கூடத்தில் டீச்சராகி, மதியம் வீட்டுக்கு வந்து சாப்பிட்டுத் தூங்க வேண்டும். அப்பாவின் ஜெபந்தான் கேட்கப்பட்டது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளில் ஒரு ஜூன் மாதம் வேலூரில் வந்து இறங்கினேன்.

வேலூரைப் பற்றி ஒரு கேலிப் பேச்சு உண்டு. தண்ணீர் இல்லாத ஆறு, மரம் இல்லாத மலை, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில் என்று அடுக்குவார்கள். நான் வந்த பிறகு, பாஸ் ஆகாத மாணவி என்று ஒன்றையும் அந்தப் பட்டியலில் சேர்த்திருக்கலாம்.

முதல் இரண்டு வருடத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. குருவி தலையில் பனங்காயை வைத்தார்கள், குருவி முழித்தது, அவ்வளவுதான். தலையிலிருந்து புறப்படும் பன்னிரண்டு நரம்புகளின் பெயர் மண்டையில் ஏறவே இல்லை. கடைசியில் அவற்றைக் கும்மிப் பாட்டாகக் கட்டினேன். பாட்டு நன்றாகவே வந்தது. விடுதியில் நாலைந்து பேர் கைதட்டிச் சுற்றிவந்து ஆடக்கூட ஆடினார்கள். சென்னைக்குப் போய் வாய்மொழித் தேர்வில் உட்கார்ந்தேன். மேசைக்கு அந்தப் பக்கம் வெள்ளைக்காரப் பரீட்சகர். "ஏழாவது நரம்பு எது?" என்றார். கும்மியில் ஏழாவது வேண்டுமென்றால் முதலிலிருந்து பாடித்தானே ஆக வேண்டும்? மனசுக்குள் ஆரம்பித்தேன். உதடு அசைந்திருக்கிறது. காலும் தாளம் போட்டிருக்கிறது. நடுவில் 'தானன்னே' என்று வரும் இடத்தையும் ஒரு நரம்பாக எண்ணிவிட்டேன். ஆறாவது நரம்பைத்தான் ஏழாவது என்று சொன்னேன்.

"இந்தப் பெண் பாடுகிறாளா?" என்று பக்கத்தில் இருந்தவரை அவர் ஆங்கிலத்தில் கேட்டது மட்டும் தெளிவாகக் கேட்டது. அந்த முறை பெயில். ஆறு மாதம் கழித்து மறுபடி எழுதி எப்படியோ தேறினேன். ஆனால் எங்கள் பள்ளியில் ஒரு விதி இருந்தது: படிப்பு முடிவதற்குள் இரண்டு முறை தவறினால் பெயரை வெட்டிவிடுவார்கள். நான் ஒரு முறையைச் செலவழித்துவிட்டேன். இன்னொரு முறை தவறினால் பனங்காட்டுப் பள்ளிக்கூடந்தான். அதற்குள் எனக்கு வைத்தியம் பிடித்துப் போயிருந்தது. வேண்டாம் வேண்டாம் என்று வந்தவளுக்கு, போ என்றால் போக மனம் வராத நிலை.

பயம் அப்போதுதான் பிடித்தது. அது என்னிடம் பயமாக வரவில்லை, வியாதியாக வந்தது. எந்தப் பாடத்தைப் படித்தேனோ அந்த வியாதி எனக்கு இருந்தது. இருதயம் படித்த வாரம் ஸ்டெதாஸ்கோப்பை என் நெஞ்சிலேயே வைத்துக் கேட்டுப் பயங்கரமான ஓசைகளைக் கண்டுபிடித்தேன். அது வயிற்றில் ராகிக்களி செரித்த ஓசை என்று பிறகு தெரிந்தது. குஷ்டரோகம் படித்த மாதம், தினமும் காலையில் சமையல்கட்டிலிருந்து ஒரு கோழி இறகை எடுத்துவந்து, கண்ணை மூடிக்கொண்டு கை காலெல்லாம் தடவி, உணர்ச்சி இருக்கிறதா என்று பார்ப்பேன். இறகு தீர்ந்தால் சமையல்காரம்மாவைக் கோழி அடிக்கச் சொல்லலாமா என்று யோசித்ததும் உண்டு. விடுதிப் பூனை பிறாண்டிய அன்று மூன்று செம்பு தண்ணீர் குடித்துப் பார்த்தேன். வெறிநோய் வந்தவர்களால் தண்ணீர் குடிக்க முடியாதல்லவா?

ஒவ்வொரு வியாதியையும் சுகுணம்மாவிடம் கொண்டுபோவேன். டாக்டர் சுகுணம்மா எங்களுக்கு மருத்துவமும் அறுவையும் கற்றுக்கொடுத்தவர். சின்ன உருவம், கஞ்சி போட்ட வெள்ளைப் புடவை, உயராத குரல். அவருடைய ஆயுதம் ஒரே ஒரு சொல். 'அப்புறம்?' நாம் என்ன பதில் சொன்னாலும் சரியென்றோ தப்பென்றோ சொல்ல மாட்டார். முகத்தைப் பார்த்து, "அப்புறம்?" என்பார். தெரிந்ததெல்லாம் தீரும்வரை கேட்பார். தீர்ந்த பிறகும் ஒரு முறை கேட்பார். அந்தக் கடைசி 'அப்புறம்'தான் ராத்திரி கனவில் வரும்.

எனக்குப் பெரிபெரி என்னும் சத்துக்குறை நோய் வந்திருப்பதாகச் சொல்லப்போனபோதும் அதுதான்.

"காலு மரத்துப் போவுது டாக்டரம்மா."

"அப்புறம்?"

"படி ஏறினா மூச்சு வாங்குது."

"அப்புறம்?"

"அப்புறம்... அவ்வளவுதான்."

"சம்மணம் போட்டு எட்டு மணி நேரம் உக்காந்தா கால் மரத்துத்தான் போகும். எழுந்து நட" என்றார். நடந்தேன். பெரிபெரி போய்விட்டது.

மூன்றாம் வருடத்தில் நோயாளிகளிடம் விட்டார்கள். அங்கே எனக்குப் புதுச் சங்கடம். முதல் நாளே ஒரு அம்மா, "ஜல்பு புடிச்சிருக்குதும்மா" என்றாள். ஜல்பு! எந்தப் புத்தகத்திலும் பார்த்ததில்லை. மருத்துவ அகராதியில் தேடினேன். கடைசியில் அவள் மூக்கை உறிஞ்சியதும் புரிந்தது. "ஓ, தடுமமா?" என்றேன். எங்கள் ஊரில் ஜலதோஷத்துக்கு அதுதான் பெயர். அவள் பயந்துபோய், "தடுமமா? அய்யய்யோ, அது இன்னாம்மா, பொழப்பேனா?" என்று அழ ஆரம்பித்துவிட்டாள். வார்டே சிரித்தது.

அன்றைக்கு என் அறைத்தோழி ரூத்தும் நானும் ஒரு ஒப்பந்தம் செய்துகொண்டோம். ரூத் வாலாஜாபேட்டைப் பெண், இந்தச் சீமையின் பேச்சு அவளுக்குத் தாய்ப்பால். நோயாளிகளிடம் பேசுவது அவள் வேலை, ரிஜிஸ்தரில் எழுதுவது என் வேலை. எழுதும்போது தலையைக் குனிந்துகொண்டு பாடத்தையும் மனசுக்குள் ஒப்பிக்கலாம் என்பது எனக்குக் கிடைத்த லாபம். பல மாதம் அப்படியே ஓடியது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் அதையும் மனப்பாடம்தான் செய்திருப்பேன்.

மூன்றாம் வருடத் தேர்வு திங்கட்கிழமை சென்னையில். சனிக்கிழமை காலை காட்பாடியில் ரயிலேற வேண்டும். அதற்கு முந்திய வெள்ளிக்கிழமைதான் நான் சொல்ல வந்த நாள்.

வெள்ளிதோறும் சுகுணம்மா ஆஸ்பத்திரி மோட்டாரில் ஆம்பூர் சாலையில் போய், ஆம்பூருக்கு இந்தப் பக்கம் ஒரு புளியமரத்தடியில் நோயாளிகளைப் பார்ப்பார். இரண்டு மாணவிகள் கூடப் போக வேண்டும். அன்று எங்கள் முறை. ஆனால் முந்தின நாள் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிக்கொண்ட ரூத், கன்னம் வீங்கி, தலையைச் சுற்றித் துணி கட்டிப் படுத்திருந்தாள். நான் மட்டும் போனேன்.

நல்ல கூட்டம். மோட்டாரின் படிக்குப் பக்கத்தில் மடக்கு நாற்காலியில் சுகுணம்மா. இருபதடி தள்ளி சின்ன மேசையில் நானும் ரிஜிஸ்தரும். கை எழுதியது, மனம் மண்ணீரல் வீங்குவதற்கான காரணங்களை வரிசையாகச் சொல்லிக்கொண்டிருந்தது. இரண்டு வயதுப் பெண் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒருத்தி வந்தாள். குழந்தைக்கு இருமல். சுகுணம்மா பார்த்து மருந்து சொல்லிவிட்டார். நான் எழுதினேன்: 'பாப்பா, வயது இரண்டு, ஆற்றங்கரை தோல் ஷாப்பு.' இந்தப் பக்கம் தோல் பதனிடும் இடத்துக்கு அதுதான் பெயர்.

கூட வந்தவர்களுக்கும் ஏதாவது உண்டா என்று கேட்டு எழுத வேண்டும் என்பது சுகுணம்மா வைத்த விதி. தலையைத் தூக்கினேன். அவள் முந்தானை விலகி, தாடைக்குக் கீழே, கழுத்தில் ஒரு கொப்புளம் தெரிந்தது, நடுவில் கறுத்து, சுற்றிச் சின்னச் சின்ன நீர்க்கொப்புளங்களோடு.

"அது என்னம்மா கழுத்துல?"

"கொப்புளம்மா. மூணு நாளா கீது. நோவு இல்லே."

"நெசமாவா?"

"ஒண்ணும் நோவு இல்லேம்மா. தொட்டாக்கூடத் தெர்ல."

நோவு இல்லை. நல்லது. மண்ணீரல் வீங்க ஐந்தாவது காரணம் என்ன என்று யோசித்துக்கொண்டே, தாய்க்கு ஒன்றுமில்லை என்பதை ஆங்கிலத்தில் ஒரே சொல்லாக எழுதினேன்: நில். அதைத் தமிழாகப் படித்தால் என்ன பொருள் என்று பிறகு பல நாள் நினைத்திருக்கிறேன். ஏட்டில் 'நில்' என்று எழுதிவிட்டு, நிற்க வேண்டியவளைப் போகச் சொன்னேன்.

பகல் ஒரு மணிக்கு விடுதிக்குத் திரும்பினோம். சாப்பிட்டதாக நினைவில்லை. ரூத்தின் கட்டிலருகே தரையில் உட்கார்ந்து, பாடப்புத்தகத்தில் அதுவரை தொடாத பக்கங்களைப் புரட்டினேன். தோலும் ரோமமும் கையாளும் தொழிலாளருக்கு மாட்டிடமிருந்தும் ஆட்டிடமிருந்தும் தொற்றும் ஒரு நச்சுக் கொப்புளத்தைப் பற்றி ஒன்றரைப் பக்கம் வந்தது. நடுவில் கறுத்த பொருக்கு. அதைச் சுற்றி முத்து முத்தாக நீர்க்கொப்புளங்கள். சுற்றிலும் வீக்கம். ரத்தத்தில் கலந்தால் சில நாளில் மரணம். கடைசியில் சாய்ந்த எழுத்தில் ஒரு குறிப்பு: வலி இராது.

வழக்கம்போல முதலில் என்னைத்தான் பரிசோதித்தேன். மோவாயில் ஒரு பரு இருந்தது. அமுக்கினேன். வலித்தது. சந்தோஷமாக இன்னொரு முறை அமுக்கினேன்.

"ரூத், வலிக்கு! தப்பிச்சேன்!"

ரூத் கட்டுக்குள்ளிருந்து முனகினாள். "உனக்குப் பரு நோவுதுன்னு சந்தோஷம். எனக்குப் பல்லு புடுங்குன எடத்துல நோவு தாங்கல. நோவு இல்லாம இருக்கிறவங்கல்லாம் புண்ணியவதிங்க."

"பல்லத்தான் பிடுங்கியாச்சே, இன்னும் என்ன நோவு?"

"இன்னாடி கேக்கற? நோவுன்னா நோவு. வலி."

"நோவுன்னா சீக்குல்லா?"

"சீக்குன்னா சீக்கு. நோவுன்னா வலிடி. மூணு வருசமா இங்க இன்னா பண்ணிட்டிருந்தே?"

கும்மி பாடிக்கொண்டிருந்தேன். வேறென்ன சொல்ல? 'வயிறு நோவுது' என்றால் வலிக்கிறது என்று எனக்கும் தெரியும். ஆனால் 'நோவு' என்று தனியாக வந்தால் எங்கள் பக்கம் அது வியாதி. நோவு கண்டு படுத்தார், நோவிலே போனார் என்போம். கழுத்தில் கறுத்த கொப்புளத்தோடு ஒருத்தி என் எதிரே நின்று, புத்தகத்தில் சாய்ந்த எழுத்தில் போட்டிருக்கும் அந்த ஒரு அடையாளத்தைத் தன் வாயாலேயே இரண்டு தடவை சொல்லியிருக்கிறாள். நான் அதை 'எனக்கு வியாதி இல்லை' என்று எழுதிவைத்திருக்கிறேன்.

இப்போது ஒன்றை ஒளிக்காமல் எழுத வேண்டும். நான் உடனே எழுந்து ஓடவில்லை. பத்து நிமிடம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். சொன்னால், பரீட்சைக்கு மூன்று நாள் முன்னால் கவனக்குறைவு என்று பெயரை வெட்டலாம். சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது. ஒருவேளை அது வெறும் கொப்புளமாகவும் இருக்கலாம். அவளே வேறு எங்காவது காட்டிக்கொள்ளலாம். இப்படியெல்லாம் சமாதானம் தேடினேன். எட்டு மாதமாக எனக்கு இல்லாத வியாதிகளையெல்லாம் சுகுணம்மாவிடம் ஓடி ஓடிச் சொன்னவள், இன்னொருத்திக்கு இருந்த வியாதியைச் சொல்லத் தயங்கி உட்கார்ந்திருந்தேன். அதை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

சுகுணம்மா தம் அறையில் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார்.

"காலைல ஒரு தாய் வந்தா, டாக்டரம்மா. கழுத்துல கொப்புளம்."

"அப்புறம்?"

"நடுவுல கறுப்பு. சுத்திச் சின்னச் சின்ன நீர்க்கொப்புளம். தோல் ஷாப்புல வேலை."

பேனா நின்றது. "அப்புறம்?"

"வலி இல்லன்னு சொன்னா. சீக்கு இல்லன்னு சொல்றான்னு நான் நெனச்சுட்டேன்."

"அப்புறம்?"

"உங்ககிட்ட காட்டல. ஒண்ணுமில்லன்னு எழுதி அனுப்பிட்டேன்."

"அப்புறம்?"

எல்லாம் தீர்ந்துவிட்டது. அந்தக் கடைசி 'அப்புறம்' மட்டும் எதிரே நின்றது. "அப்புறம்... இப்பவே போய்க் கூட்டிட்டு வரணும், டாக்டரம்மா."

"அது பதில்" என்று எழுந்தார். நான் சொன்னதைப் பதிலென்று அவர் ஒப்புக்கொண்ட முதல் தடவை அது.

மோட்டாரில் போகும்போது ஒன்றே ஒன்று கேட்டார். "எப்போ தெரிஞ்சது?"

"உங்ககிட்ட வர்றதுக்குப் பத்து நிமிஷம் முன்னால."

"பத்து நிமிஷம் என்ன பண்ணின?"

"பயந்தேன்."

"யாருக்காக?"

ஆற்றங்கரை வருகிறதா என்று நான் வெளியே பார்த்தேன்.

ஆற்றங்கரையில் தோல் ஷாப்பு ஒன்றல்ல, வரிசையாக இருந்தன. பெயர் தெரியாது. குழந்தையைப் 'பாப்பா' என்று எழுதிய மகாபுத்திசாலி தாயின் பெயரைக் கேட்கவில்லை. முகமாவது ஞாபகம் இருக்க வேண்டுமே? ரிஜிஸ்தரைப் பார்த்துக்கொண்டிருந்தவளுக்குக் கொப்புளம் ஞாபகமிருந்தது, முகம் ஞாபகமில்லை. முதல் இரண்டு இடத்திலும் அப்படி யாரும் இல்லை என்றார்கள். மூன்றாவது இடத்தின் மேஸ்திரி ஒரு பாய். "சலாம்மா. பேரு சொல்லுங்கோ, கூப்பிட்றேன்" என்றார். "கைக்குழந்தைக்காரி" என்றேன். "அரே, பாதிப் பேரு அதுதான். கேட்டுப் பாருங்கோ" என்று பின்கட்டைக் காட்டினார். ஆட்டு ரோமத்தைப் பிரித்துக் குவிக்கும் பெண்கள் முப்பது பேர் அங்கே உட்கார்ந்திருந்தார்கள். சுண்ணாம்பும் பச்சைத் தோலும் கலந்த வாடை கண்ணில் நீரை வரவழைத்தது. சுகுணம்மா என்னை முன்னால் தள்ளினார்.

அவசரத்துக்கு அண்டாவிலும் கை நுழையாது என்பார்கள். என் வாயில் வந்தது இதுதான்: "இங்க யாருக்கும்மா நோவு?"

கொட்டகையே சிரித்தது.

"யாருக்கு இல்லேம்மா? எனக்கு இடுப்பு நோவு. தோ, இவுளுக்கு முட்டி நோவு. அவுளுக்குப் புருசனால தலை நோவு. எல்லாருக்கும் மருந்து எடுத்தாந்தியா?"

"அது இல்ல. நோவு இல்லாதவ யாரு? கழுத்துல கொப்புளம், நோவு இல்லன்னு சொன்னவ?"

சிரிப்பு அடங்கியது. ஓரத்தில் இருந்த ஒருத்தி கையிலிருந்த ரோமத்தைக் கீழே போட்டாள். "நம்ம குப்பம்மாவா? கொய்ந்தைக்கு மருந்து வாங்கினு வந்தா. மதியமே மூஞ்சியெல்லாம் ஊதிக்கினு வூட்டுக்குப் போய்ட்டா."

வீடு பக்கத்துச் சந்தில். குப்பம்மா பாயில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். காலையில் கழுத்தில் இருந்த வீக்கம் கன்னத்துக்கு ஏறி, ஒரு கண் பாதி மூடியிருந்தது. குழந்தை பக்கத்தில் மருந்துப் புட்டியை உருட்டி விளையாடிக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துகொண்டாள். எனக்குத்தான் அவள் முகம் தெரியவில்லை, அவளுக்கு என் முகம் தெரிந்திருக்கிறது.

"நீயாம்மா? நாந்தான் காலைலயே சொன்னேனே நோவு இல்லேன்னு. இப்பவும் நோவு இல்லே. மூச்சு வுடத்தான் பேஜாரா கீது."

விளக்கேற்றும் நேரத்துக்குள் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்துவிட்டோம். அதற்குப் பிறகு சுகுணம்மா செய்ததை இன்று கண்ணை மூடினாலும் வரிசை பிசகாமல் சொல்ல முடியும். கும்மி தேவையில்லை. நீர்க்கொப்புளம் ஒன்றிலிருந்து ஒரு சொட்டு எடுத்துக் கண்ணாடித் துண்டில் தடவினார். உலர்த்தி, நீலச் சாயம் ஏற்றி, மைக்ராஸ்கோப்பில் பார்த்துவிட்டு, என்னைப் பார்க்கச் சொன்னார். மூங்கில் கழிகளை நுனியோடு நுனி வைத்தது போலக் கிருமிகள் வரிசையாக நின்றன. புத்தகத்தில் பார்த்த படந்தான். ஆனால் இந்தப் படத்துக்கு இரண்டு வயதில் ஒரு குழந்தை இருந்தது.

மயக்கம் கொடுத்து, கறுத்த இடத்தைச் சுற்றி நல்ல சதை வரும்வரை அகலமாக வெட்டியெடுத்தார். அவசரமே இல்லை. கழுத்தின் பெரிய ரத்தக்குழாய் பக்கத்திலேயே துடித்துக்கொண்டிருந்தது. அதைத் தொடாமல் கத்தி சுற்றிவந்தது. குழியில் கார்பாலிக் அமிலத்தைத் தொட்டு வைத்தார். மேலே இபிகாக் என்ற வேரின் பொடியைத் தூவிக் கட்டினார். அந்தக் காலத்தில் இருந்தது அவ்வளவுதான். இன்றைக்கு நீங்கள் ஊசியில் ஏற்றும் மருந்துகளின் பெயரே அப்போது பிறக்கவில்லை. துணிகளை எரிக்கச் சொன்னார். கத்திகளை அரைமணி நேரம் கொதிக்கவைத்தோம். நான் விளக்கைப் பிடித்திருந்தேன். வாழ்நாளில் முதல்முறையாக எனக்கு எந்த வியாதியும் இல்லை.

கை கழுவிய பிறகு ரிஜிஸ்தரைக் கொண்டுவரச் சொன்னார். அந்த வரியைக் காட்டினேன். அடிப்பதற்குப் பேனாவைத் திறந்தேன்.

"அடிக்காதே. அது அப்படியே இருக்கட்டும். கீழே எழுது."

எழுதினேன். 'தாய், குப்பம்மா. கழுத்தில் நச்சுக் கொப்புளம். வலி இல்லை.' கடைசிச் சொல்லை எழுதும்போது மை கொஞ்சம் தெறித்தது.

"பொழச்சுக்குவாளா, டாக்டரம்மா?"

"தெரியாது. வீக்கம் இறங்கணும். நீ காலைல ரயிலுக்குப் போ."

"நான் இருக்கேன். பரீட்சை போனாப் போகுது."

"நீ இருந்து என்ன பண்ணுவ? பக்கத்துல நின்னு உன் நாடியப் பிடிச்சுப் பாப்ப" என்றார். அவர் சொன்னது முழுக்க உண்மை என்பதால் காலையில் ரயிலேறினேன்.

சென்னையில் என்ன நடந்திருக்கும் என்று நினைக்கிறீர்கள்? அந்தக் கொப்புளத்தைப் பற்றித்தான் கேட்டிருப்பார்கள், நான் வெளுத்து வாங்கியிருப்பேன் என்றுதானே? அதுதான் இல்லை. வாய்மொழித் தேர்வில் கேட்டது நாடாப்புழு. அதன் தலையில் எத்தனை உறிஞ்சிகள் என்றார்கள். அது எனக்குச் சுமாராகத்தான் தெரியும். சுமாராகவே சொன்னேன். ஆனால் கால் தாளம் போடவில்லை. நான் தைரியசாலியாகிவிட்டேன் என்று எண்ண வேண்டாம். பயப்படுவதற்கு எனக்கு நேரமில்லை. வீக்கம் கன்னத்திலிருந்து இறங்கியதா, நெஞ்சுக்குப் போனதா என்பதே நினைப்பாக இருந்தது. தெரியாத கேள்வி வந்தபோது "தெரியாது, சார்" என்று சொன்னேன். என் படிப்பில் அந்தச் சொல்லை அதற்கு முன் நான் சொன்னதே இல்லை. பரீட்சகர் தலையை ஆட்டிவிட்டு அடுத்த கேள்விக்குப் போனார். இவ்வளவு சுலபமா என்று ஆச்சரியமாக இருந்தது. ஒரு மாதம் கழித்து முடிவு வந்தது. எங்கள் வகுப்பில் தேறியவர்களில் கடைசிக்கு முந்தினவள் நான். கடைசியாக வந்தவளுக்கு இன்றுவரை நன்றியோடு இருக்கிறேன்.

தேர்வு முடிந்த கையோடு, அந்த வியாழக்கிழமை பிற்பகல் காட்பாடியில் இறங்கி, ஜட்காவில் நேரே ஆஸ்பத்திரிக்குப் போனேன். ரூத் பெட்டிகளோடு விடுதிக்குப் போய்விட்டாள். வார்டு வாசலிலிருந்தே பார்த்தேன். மூன்றாவது கட்டிலில் ஒருத்தி எழுந்து உட்கார்ந்திருந்தாள். கழுத்தில் பெரிய கட்டு. முகம் வற்றியிருந்தது. இரண்டு கண்ணும் திறந்திருந்தன. இந்த முறை அந்த முகத்தை நன்றாகப் பார்த்தேன். இடது புருவத்தில் ஒரு சின்னத் தழும்பு, மூக்கில் பித்தளை மூக்குத்தி.

பக்கத்தில் போய், அவள் ஊர்ப் பேச்சிலேயே கேட்டேன். "நோவு கீதா, குப்பம்மா?"

அவள் முகத்தைச் சுளித்தாள். "இன்னாம்மா இப்படிக் கேக்கற? உசுரு போற மாதிரி நோவுது. ராவெல்லாம் தூக்கம் இல்லே. உங்க டாக்டரம்மா கத்தி வெச்சதுலேருந்து ஒரே நோவு."

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே அழுதேன். செத்துக்கொண்டிருந்த சதையில் உயிர் வந்தால்தான் நோவும். அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. "தோ பார்றா, நோவுதுன்னா சிரிக்கிது இந்தம்மா!" என்று பக்கத்துக் கட்டில்காரியிடம் முறையிட்டாள்.

பின்னால் சுகுணம்மா வந்து நின்றது எனக்குத் தெரியவில்லை.

"பரீட்சை எப்படிப் பண்ணின?" என்று கேட்டார்.

"எந்தப் பரீட்சை?" என்று கேட்டுவிட்டேன்.

சுகுணம்மா வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். பிறகு முகத்தைப் பழையபடி வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"அப்புறம்?"

"அப்புறம் ஒண்ணும் இல்ல, டாக்டரம்மா" என்றேன். "இவளுக்கு நோவு இருக்கு."